அடுத்தவர் காசில் போட்ட ஓட்டு

2020 மார்ச் 2ஆம் தேதி ஸ்டீம் என்ற பிளாக்செயினின் நிர்வாகம் சில மணி நேரத்தில் கைமாறியது. அதுவரை அதை நடத்திவந்த 20 பேரும் ஓட்டெடுப்பில் கீழே தள்ளப்பட்டார்கள். யாரும் முன்பின் அறியாத 20 புதிய கணக்குகள் அந்த இடங்களில் வந்து உட்கார்ந்தன. எவரும் எதையும் ஹேக் செய்யவில்லை. மென்பொருள் எப்படி எழுதப்பட்டிருந்ததோ அப்படியே வேலை செய்தது. புதியவர்களுக்கு ஓட்டுகளை அள்ளிக் கொடுத்தவை பைனான்ஸ், ஹுவோபி, போலோனியெக்ஸ் என்ற மூன்று கிரிப்டோ சந்தைகள். அந்த ஓட்டுகளுக்குப் பின்னால் இருந்த டோக்கன்களோ வாடிக்கையாளர்கள் நம்பி ஒப்படைத்தவை.

கிரிப்டோ உலகின் உள்ளாட்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடியவர்களைப் பற்றியே எழுதுகிறார்கள். அந்தக் கதைகளுக்குக் காவல்துறை போதும். ஆராயப்பட வேண்டியது வேறு வகை: எந்த விதியையும் மீறாமல், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில், பொதுவுக்காக முடிவெடுக்க வேண்டியவர் தன் பைக்கும் சேர்த்து முடிவெடுப்பது. கிரிக்கெட் வாரியச் செய்திகளில் ‘இரட்டை ஆதாயம்’ என்று நாம் படித்துப் பழகிய அதே சிக்கல்தான். ஆனால் பிளாக்செயினில் அதைக் கேள்வி கேட்க வாரியமும் இல்லை, நீதிபதியும் இல்லை.

ஸ்டீம் 2016 மார்ச்சில் தொடங்கியது. நெட் ஸ்காட், டேன் லாரிமர் இருவரும் நிறுவிய ஸ்டீமிட் நிறுவனம் அதைக் கட்டியது. எழுதுகிறவர்களுக்கும் நல்ல எழுத்தை அடையாளம் காட்டும் வாசகர்களுக்கும் டோக்கன் கிடைக்கும் சமூக வலைத்தளம் என்பது அதன் கவர்ச்சி. தொடக்க நாட்களில், வெளியார் உள்ளே வருவதற்குள், நிறுவனமே தன் கணினிகளை ஓட்டிப் பெரும்பகுதி டோக்கன்களைச் சேர்த்துக்கொண்டது. 2020இல்கூட மொத்த டோக்கன்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதனிடம் இருந்தது. வலைப்பின்னலின் வளர்ச்சிக்காகத்தான் அதை வைத்திருக்கிறோம், நிர்வாகத் தேர்தலில் அதைக்கொண்டு ஓட்டுப்போட மாட்டோம் என்று நிறுவனம் சொல்லிவந்தது. நான்கு ஆண்டுகள் அந்தச் சொல்லை நம்பித்தான் ஸ்டீம் ஓடியது. நம்பிக்கையே தேவையில்லாத தொழில்நுட்பம் என்று விற்கப்பட்ட ஒன்றின் அடித்தளத்தில் எழுதப்படாத ஒரு வாக்குறுதி இருந்தது.

தேர்தல் எப்படி நடக்கும் என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். முழுச் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. மூன்று விநாடிக்கு ஒரு பிளாக் வீதம் கணக்கேட்டை எழுதிச் செல்பவர்களை ஸ்டீமில் சாட்சிகள் என்பார்கள். அதிக ஓட்டு வாங்கிய 20 பேர் நிரந்தரமாகவும், மீதமுள்ளவர்களிலிருந்து ஒருவர் முறைவைத்தும் எழுதுவார்கள். எழுதுவதற்கு டோக்கனாக ஊதியம் உண்டு. விதிகளை மாற்ற 21 இடங்களில் 17 பேர் ஒத்துக்கொள்ள வேண்டும். ஓட்டின் எடை, ஒருவர் பூட்டிவைத்திருக்கும் டோக்கனின் அளவு. ஒரு கணக்கு 30 பேருக்கு ஓட்டுப் போடலாம். அந்த 30 பேருக்கும் முழு எடையும் போய்ச் சேரும், பங்கு பிரியாது. ஒருவரிடம் 6 கோடி டோக்கன் இருந்தால் அவர் விரும்பும் 30 பேரில் ஒவ்வொருவருக்கும் 6 கோடி ஓட்டு. மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒருவருக்குப் போடும் ஓட்டு 6 கோடியைத் தாண்டாவிட்டால், அந்த ஒரே ஆள் 20 இடங்களையும் நிரப்பிவிடலாம். பெரும்பான்மைகூடத் தேவையில்லை, ஓட்டுப் போட வருகிறவர்களில் பெரியவராக இருந்தால் போதும்.

2020 பிப்ரவரி 14 அன்று ட்ரான் வலைப்பின்னலின் நிறுவனர் ஜஸ்டின் சன் ஸ்டீமிட்டை வாங்கிவிட்ட செய்தி வந்தது. நிறுவனத்தோடு அந்த ஐந்தில் ஒரு பங்கும் அவர் கைக்குப் போனது. பழைய நிறுவனம் கொடுத்த வாக்கு புதியவரைக் கட்டுமா? யாருக்கும் தெரியவில்லை. ஒன்பதே நாளில், பிப்ரவரி 23 அன்று, சாட்சிகள் தங்களுக்குள் பேசி ஒரு மென்பொருள் மாற்றத்தை நிறுவினார்கள். அந்தப் பங்கு அசைய முடியாமல் முடக்கப்பட்டது. வலைப்பின்னலைக் காப்பாற்றவே செய்தோம் என்றார்கள். அதை நான் நம்புகிறேன். அதே சமயம், முடக்கப்பட்ட டோக்கன்கள்தான் அவர்களைப் பதவியிலிருந்து இறக்கக்கூடிய டோக்கன்கள் என்பதும், பதவி போனால் ஊதியமும் போகும் என்பதும் உண்மை. பொதுநலனும் சுயநலனும் ஒரே திசையில் நின்றதால் எது எதை இழுத்தது என்று அவர்களாலேயே பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

அதற்கான பதிலடிதான் மார்ச் 2. மூன்று சந்தைகளும் தங்களிடம் கிடந்த ஸ்டீம் டோக்கன்களைப் பூட்டி, சன் தரப்புச் சாட்சிகளுக்கு ஓட்டளித்தன. முடக்கம் நீங்கியது. எத்தேரியம் பிளாக்செயினை உருவாக்கிய விட்டாலிக் பூட்டரின் உட்படப் பலர் கண்டித்ததும், வழக்கமான மென்பொருள் மேம்பாட்டுக்கு உதவுவதாக நினைத்தோம் என்ற விளக்கம் பைனான்ஸிடமிருந்து வந்தது; பைனான்ஸும் ஹுவோபியும் ஓட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. ஓட்டைத் திரும்பப் பெறலாம், பூட்டிய டோக்கனை உடனே எடுக்க முடியாது. ஸ்டீமில் பூட்டு முழுதாகத் திறக்க 13 வாரம், வாரம் ஒரு தவணை. வாடிக்கையாளர் கேட்டால் அன்றே கொடுக்க வேண்டிய பொருள், அவருக்குத் தெரியாமல், அவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு பதவிச் சண்டைக்காக 13 வாரப் பூட்டுக்குள் போயிருந்தது. மூன்றாவது சந்தையான போலோனியெக்ஸில் ஜஸ்டின் சன்னே முதலீட்டாளர் என்பது 2019 நவம்பரிலேயே வெளிப்பட்டிருந்தது.

இங்கே மூன்று தரப்பும் உள்ளாட்கள், மூவருக்கும் சொந்த ஆதாயம் இருந்தது. ஆனால் மூன்றும் ஒரே தரத்துக் குற்றம் இல்லை. பிளாக்செயின் ஆளுகையில் ஆதாயம் என்பதே கறை ஆகாது. டோக்கன் வைத்திருப்பவர் அதன் மதிப்பு உயர வேண்டும் என்று ஓட்டுப் போட்டால், அதே டோக்கன் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் அது நன்மைதான். அந்த எதிர்பார்ப்பின் மேல்தான் இந்த முறையே கட்டப்பட்டிருக்கிறது. கோளாறு இரண்டு இடங்களில் தொடங்குகிறது. ஒன்று, ஓட்டுப் போடுகிறவரின் பெரிய ஆதாயம் இந்த வலைப்பின்னலுக்கு வெளியே, இதன் முடிவால் லாபம் அடையும் வேறொன்றில் இருக்கும்போது. இரண்டு, முடிவு தவறினால் இழப்பு தனக்கில்லை, ஓட்டு மட்டும் தன் கையில் என்னும்போது. சாட்சிகளிடம் இருந்தது சாதாரணமான பதவி ஆசை. சன்னிடம் முதல் கோளாறு இருந்தது: ட்ரானுக்கும் ஸ்டீமுக்கும் எது நல்லது என்பதில் மோதல் வந்தால் அவர் ட்ரானின் பக்கம்தான் நிற்பார் என்று சாட்சிகள் அஞ்சியதில் வியப்பில்லை. சந்தைகளிடம் இருந்தது இரண்டாவது. மூன்றிலும் மோசமானது அதுதான் என்பேன்.

பங்குச் சந்தையில் இந்தக் கேள்விக்கு இந்தியா 1996லேயே விடை எழுதிவிட்டது. டெபாசிட்டரி சட்டத்தின் 10ஆவது பிரிவுப்படி, பங்குகளின் பதிவுபெற்ற உரிமையாளராக டெபாசிட்டரியின் பெயர் இருக்கும். ஆனால் வாக்குரிமை அதற்குக் கிடையாது. வாக்கும் பிற உரிமைகளும் பலன்பெறும் உரிமையாளரான முதலீட்டாளருக்கே. பெட்டகத்தின் சாவி வைத்திருப்பவருக்கும் பொருளுக்குச் சொந்தக்காரருக்கும் இடையே சட்டம் ஒரு கோடு போட்டுவைத்திருக்கிறது. பிளாக்செயினுக்கு அந்தக் கோடு தெரியாது. சாவி யாரிடமோ அவரே உரிமையாளர். சந்தையில் கணக்கு வைத்திருக்கும் கோடிக்கணக்கானோரின் ஓட்டு இயல்பாகவே அந்தச் சந்தையின் கையில் போய்ச் சேர்கிறது. ஸ்டீமில் அது ஒரு முறை பயன்படுத்தப்பட்டது. மற்ற இடங்களில் பெரும்பாலும் பயன்படுத்தப்படாமல் கிடக்கிறது என்பதே நமக்கிருக்கும் ஆறுதல்.

சண்டை அதோடு முடியவில்லை. சந்தைகள் விலகியபின் இரு தரப்புக்கும் 17 இடம் கிடைக்காமல் இழுபறி நீடித்தது. மார்ச் 20 அன்று பழைய சமூகம் கணக்கேட்டையே நகலெடுத்து ஹைவ் என்ற புதிய பிளாக்செயினாகப் பிரிந்தது. பெரும்பாலோருடைய இருப்பும் அங்கே வந்தது, ஸ்டீமிட் நிறுவனத்தின் பங்கும் சன் தரப்பை ஆதரித்த சில கணக்குகளின் இருப்பும் வரவில்லை. ஸ்டீமில் தங்கியவர்கள் இரண்டே மாதத்தில் பதிலடி கொடுத்தார்கள். மே 20 அன்று ஒரு மென்பொருள் மாற்றத்தின் மூலம் 64 கணக்குகளிலிருந்து 2.36 கோடி ஸ்டீம் டோக்கன்களைப் பறித்தார்கள். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 50 லட்சம் டாலர். பறித்தவை போய்ச் சேர்ந்த கணக்கிலிருந்து யாரோ ஒருவர் அத்தனையையும் பிட்ரெக்ஸ் சந்தைக்கு அனுப்பி, உரியவர்களிடம் சேர்த்துவிடுங்கள் என்று குறிப்பும் எழுதினார். முதலில் முடக்கியவர்களும் பின்னால் பறித்தவர்களும் கையில் எடுத்த ஆயுதம் ஒன்றே. 17 இடம் யாரிடம் இருக்கிறதோ அவர் வேண்டாதவரின் சொத்து பத்திரமாக இல்லை. ஹைவ் இதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் எளிமையானது: புதிதாகப் பூட்டிய டோக்கனுக்கு 30 நாள் கழித்தே நிர்வாகத் தேர்தலில் ஓட்டுரிமை. இரவோடு இரவாக ஆட்சியைப் பிடிக்க முடியாது. சொந்தக்காரர்கள் விழித்துக்கொள்ள ஒரு மாதம் கிடைக்கும்.

இவ்வளவு வெளிப்படையாக நடப்பது அபூர்வம். யுனிஸ்வாப் பரிமாற்றத் தளத்தின் 2023 பிப்ரவரி ஓட்டெடுப்பில் முதல் கோளாறு அமைதியாக வந்துபோனது. யுனிஸ்வாப்பை பிஎன்பி செயினுக்குக் கொண்டுபோகும்போது, இரு பிளாக்செயின்களை இணைக்கும் எந்தப் பாலத்தை நம்புவது என்பது கேள்வி; முன்மொழியப்பட்டது வோர்ம்ஹோல். ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் 1.5 கோடி யுனி டோக்கன்களை எதிர்த்துப் போட்டது. போட்டிப் பாலமான லேயர்ஸீரோவில் அந்த நிறுவனத்துக்கு முதலீடு இருந்தது. வோர்ம்ஹோல் அதற்கு முந்தைய ஆண்டுதான் 30 கோடி டாலருக்கு மேல் திருட்டுக் கொடுத்திருந்தது என்பதால் எதிர்ப்பதற்கு நியாயமான காரணமும் இருந்தது. முன்மொழிவு நிறைவேறிவிட்டது. ஆனால் அந்த நிறுவனம் விலகி நின்றிருக்க வேண்டுமா என்று கேட்க யுனிஸ்வாப்பில் ஒரு விதிகூட இல்லை. நம் கம்பெனிச் சட்டத்தின் 184ஆவது பிரிவு, பொது நிறுவனத்தின் இயக்குநர் தனக்குச் சம்பந்தமுள்ள ஒப்பந்தம் பேசப்படும்போது சம்பந்தத்தைச் சொல்லிவிட்டு அந்தப் பேச்சிலிருந்தே விலகச் சொல்கிறது. காரணம் நியாயமானதா என்று அது ஆராய்வதில்லை. மனத்துக்குள் புகுந்து பார்க்க முடியாது என்று தெரிந்தே எழுதப்பட்ட பிரிவு அது.

சொலானா பிளாக்செயினில் 2024 மே மாதம் நடந்ததையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். முன்னுரிமைக் கட்டணத்தில் பாதி அதுவரை எரிக்கப்பட்டு வந்தது. அதாவது அந்த டோக்கன்கள் அழிந்து எண்ணிக்கை குறைவதால், டோக்கன் வைத்திருக்கும் எல்லாருக்கும் மறைமுகமாகப் பலன். அதை நிறுத்தி முழுக் கட்டணத்தையும் பிளாக்குகளை எழுதும் வலிடேட்டர்களுக்கே கொடுப்பது என்ற மாற்றத்துக்கு ஓட்டுப் போட்டவர்கள் வலிடேட்டர்களே. 77 விழுக்காடு ஆதரவோடு நிறைவேறியது. அவர்கள் போட்ட ஓட்டின் எடையில் பெரும்பகுதி, அவர்களை நம்பிப் பிறர் ஒப்படைத்த டோக்கன். மாற்றத்துக்குத் தொழில்நுட்பக் காரணங்கள் சொல்லப்பட்டன; அவற்றில் சத்தும் உண்டு. ஆனாலும் தன் சம்பளத்தைத் தானே கூட்டிக்கொள்ளும் தீர்மானத்தை அடுத்தவர் எடையில் நிறைவேற்றுவதை எந்தக் கூட்டுறவுச் சங்கத்திலும் ஏற்க மாட்டோம்.

ஓட்டே இல்லாத இடத்திலும் இது உண்டு. எத்தேரியத்தில் டோக்கன் ஓட்டால் விதி மாறுவதில்லை. ஆய்வாளர்களும் நிரலாளர்களும் பேசி இணக்கத்துக்கு வருகிறார்கள். அங்கே செல்வாக்குதான் அதிகாரம். எத்தேரியம் அறக்கட்டளையின் முன்னணி ஆய்வாளர்கள் ஜஸ்டின் டிரேக்கும் டாங்கிராட் ஃபைஸ்டும் 2024இல் ஐகன்லேயரின் ஆலோசகர்களாகச் சேர்ந்தார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்ரீராம் கண்ணன் நிறுவிய அது, எத்தேரியத்தைக் காக்கப் பிணையாக வைத்த ஈத்தர் டோக்கனையே வேறு சேவைகளுக்கும் மறுபிணையாக வைக்கும் திட்டம். அவ்வாண்டின் நடுவில் அதில் 1,500 கோடி டாலருக்கு மேல் குவிந்திருந்தது. எத்தேரியத்தின் பாதுகாப்பு அடுக்கின் மேல் கூடுதல் பாரம் ஏற்றுவதன் ஆபத்தைப் பூட்டரின் 2023 மே மாதமே எழுதி எச்சரித்திருந்தார். பிணை விதிகளை வடிவமைக்கும் மேசையில் இருப்பவர்களுக்கே அந்த விதிகளைச் சார்ந்து வாழும் திட்டத்தின் டோக்கன் கிடைக்கவிருந்தது.

டிரேக் மே 19 அன்று தாமே அதைப் பகிரங்கமாகச் சொன்னார். மூன்றாண்டில் கைக்கு வரும் டோக்கன்கள் பல மில்லியன் டாலர் பெறும், தம் மற்ற சொத்துகள் அனைத்தையும் சேர்த்தாலும் அதைவிட அதிகமாகலாம் என்று எழுதினார். மறுபிணையின் ஆபத்துகளைச் சுட்டுவதே தம் வேலை, திட்டம் எத்தேரியத்துக்கு எதிராகத் திரும்பினால் விலகிவிடுவேன் என்றும் சொன்னார். அந்த நேர்மைக்கு மதிப்பளிக்கிறேன். ஆனால் சொத்தில் பாதிக்கு மேல் ஒரு பக்கம் இருக்கும்போது அந்தப் பக்கத்தின் ஆபத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை ஒருவர் ஏற்பது, எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவரால் தாங்கக்கூடிய சுமையா? சில நாட்களில் அறக்கட்டளையின் செயல் இயக்குநர் ஆயா மியாகுச்சி, பண்பாட்டையும் தனிமனித விவேகத்தையும் நம்பியிருந்தது போதவில்லை, முறையான கொள்கை தயாராகிறது என்று அறிவித்தார். 2014இல் தொடங்கிய அமைப்பு அதற்குள் பத்து ஆண்டைக் கடந்துகொண்டிருந்தது. நவம்பரில் டிரேக் மன்னிப்புக் கேட்டு ஆலோசகர் பதவியை விட்டார். இனி ஆலோசகர் பதவி, தனி முதலீடு எதையும் ஏற்பதில்லை என்றும் அறிவித்தார். ஃபைஸ்டும் விலகினார்.

இந்த விவகாரத்தில் பலரும் பேசாத பக்கம் சம்பளம். எத்தேரியத்தின் முக்கிய மென்பொருளான கெத்தின் பொறுப்பாளராக நெடுங்காலம் இருந்த பீட்டர் சிலாகி, 2024 மே மாதம், டிரேக்கின் அறிவிப்பு வந்த அதே வாரத்தில், அறக்கட்டளைத் தலைமைக்கு ஒரு கடிதம் எழுதினார். 2025 அக்டோபரில் அதை வெளியிட்டார். முதல் ஆறு ஆண்டுகளுக்கும் சேர்த்து வரிக்கு முன் தாம் வாங்கியது 6,25,000 டாலர் என்கிறார். அதே ஆண்டுகளில் ஈத்தரின் சந்தை மதிப்பு பல்லாயிரம் கோடி டாலரைத் தொட்டது. குறைந்த சம்பளம், உள்ளே இருப்பவர்களை வெளியே வருமானம் தேட வைக்கிறது. அதுவே வலைப்பின்னலைச் சிலர் கைக்குள் கொண்டுபோகும் வழி என்பது அவர் வாதம். நான் அதை முழுமையாக ஏற்கிறேன். கோடிகளைக் காக்கும் காவலாளிக்கு அரைவயிற்றுச் சம்பளம் கொடுத்துவிட்டு, அவர் யாரிடம் டீ வாங்கிக் குடித்தார் என்று விசாரிப்பதில் பொருளில்லை.

உள்ளாட்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு: முடிவை எடுத்துவிட்டு ஓட்டெடுப்பை அதற்கு முத்திரையாகக் கேட்பது. ஆர்பிட்ரம் என்ற வலைப்பின்னல் 2023 வசந்தத்தில் தன் அறக்கட்டளைக்கு 75 கோடி டோக்கன், அன்றைய விலையில் சுமார் 100 கோடி டாலர், ஒதுக்கும் முன்மொழிவை ஓட்டுக்கு விட்டது. ஓட்டெடுப்பு முடிவதற்குள்ளேயே 5 கோடி டோக்கன் அந்த ஒதுக்கீட்டிலிருந்து நகர்ந்திருந்ததை உறுப்பினர்கள் கண்டுபிடித்தார்கள். 4 கோடி ஒரு வர்த்தக நிறுவனத்துக்குக் கடனாக, 1 கோடி செலவுக்குப் பணமாக. ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு ஒப்புதல்தான் கேட்டோம் என்றது அறக்கட்டளை. உறுப்பினர்கள் முன்மொழிவைத் தோற்கடித்து, பிரித்துத் திரும்பக் கொண்டுவரச் செய்தார்கள். உறுப்பினர்கள் கணக்கேட்டைப் படித்ததால் இது நடந்தது. பிளாக்செயினின் உண்மையான பலம் இங்கேதான்: பணம் நகர்ந்ததை மறைக்க முடியவில்லை.

மறைக்க முடிவது பெயரை. வண்டர்லேண்ட் என்ற திட்டத்தின் கருவூலத்தை ‘சிஃபு’ என்ற புனைபெயரில் நிர்வகித்தவர், 2019இல் வாடிக்கையாளர் பணத்தோடு மூழ்கிய கனடாவின் குவாட்ரிகா சந்தையின் இணை நிறுவனர் மைக்கேல் பேட்ரின் என்பது 2022 ஜனவரியில் வெளியானது. திட்டத்தின் நிறுவனருக்கு ஒரு மாதம் முன்பே தெரிந்திருந்தது. கருவூலத்தில் பங்கு வைத்திருந்தவர்களுக்குத் தெரியாது. ஆள் யாரென்றே தெரியாதபோது அவருடைய ஆதாயம் எங்கே என்று கேட்பது எப்படி? புனைபெயரில் எழுதவும் நிரல் படைக்கவும் எவருக்கும் உரிமை உண்டு. பிறர் பணத்தைக் கையாளும் பொறுப்பில் அந்த உரிமை செல்லாது.

சம்பந்தப்பட்டவர்களை எல்லாம் விலக்கினால் விஷயம் தெரிந்தவர் யார் மிஞ்சுவார் என்று இந்தத் துறையில் கேட்கிறார்கள். உண்மையான கேள்விதான். பத்துப் பதினைந்து பேருக்கு மட்டுமே புரியும் நுட்பங்களில் அவர்கள் குரல் இல்லாமல் முடிவெடுக்க முடியாது. அவர்கள் பேசட்டும், முழுவதும் பேசட்டும். என்ன வைத்திருக்கிறோம், எப்போது கைக்கு வரும், எவ்வளவு என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுப் பேசட்டும். ஓட்டோ இறுதி முடிவோ வரும்போது ஒதுங்கட்டும். சந்தைகள் வாடிக்கையாளர் டோக்கனில் ஓட்டுப் போடுவதை நாடுகளின் சட்டம் தடுக்க வேண்டும். நிரலால் அதைத் தாமதப்படுத்தத்தான் முடியும், ஹைவ் செய்ததுபோல. இந்தியா 2022 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 விழுக்காடு வரி வாங்குகிறது. வரி வாங்கும் அரசு, 1996இல் பங்கு முதலீட்டாளருக்குக் கொடுத்த பாதுகாப்பைக் கிரிப்டோ வைத்திருப்பவர்களுக்கும் கொடுக்கக் கடமைப்பட்டது.

அதுவரை ஒன்றை நீங்களே செய்யலாம். உங்கள் டோக்கன்கள் ஏதாவது ஒரு சந்தையின் கணக்கில் இருந்தால், அவற்றின் வாக்குரிமை யாருக்கு என்று அந்தச் சந்தையின் விதிமுறைகளில் தேடிப் பாருங்கள். எழுதியிருக்காவிட்டால் எழுத்தில் கேளுங்கள். பதில் வராத சந்தையில் டோக்கனை வைத்திருக்காதீர்கள்.